கதவுக்குப் போட்ட திருத்தம்

எங்கள் ஊர் காலண்டர் அடிக்கிற ஊர். அடுத்த வருஷத்து ஆடி அமாவாசை எந்தக் கிழமையில் விழும் என்று மற்ற ஊர்க்காரர்கள் யோசிக்கவே ஆரம்பிக்காத நேரத்தில், எங்கள் ஊர் எலிக்குக்கூட அது தெரிந்திருக்கும், ஏனென்றால் அது கடித்துப் போட்ட தாளில் அதுதான் அச்சாகியிருக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில், எவனோ எங்கேயோ செய்து அனுப்புகிற இயங்குதளத்தில் நமக்கு வேண்டியது ஒன்றுமில்லை, சொன்னாலும் கேட்க ஆளில்லை என்று நாற்பத்தோரு அச்சகக்காரர்களும் சலித்துப்போயிருந்த காலத்தில், தமயந்தி என்கிற பெண் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் மூன்று வருஷம் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொள்கிற அளவுக்குக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, எங்கள் கம்ப்யூட்டர்களுக்கென்றே ஒரு இயங்குதளம் செய்தாள். 'புலரி' என்று பேர் வைத்தாள். கல்யாண மண்டபத்தில் எங்களைக் கூட்டிவைத்து, மைக்கைப் பிடித்து, "நீங்க சொல்ற திருத்தத்த ஒண்ணு விடாம செய்வேன், இது சத்தியம்" என்றாள். நாங்கள் கைதட்டினோம். நன்றாகத்தான் தட்டினோம்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முன்னொரு வருஷம், அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கக் கொடுத்த ப்ரூஃபை யாரோ ஒருவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட, ஆடி அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகி, அந்தக் காலண்டரை நம்பின ஜனங்கள் எல்லாம் மறுநாள் போய் எள்ளும் தண்ணீரும் இறைக்க, செத்துப்போனவர்களோ முந்தின நாளே வந்து ஆற்றங்கரையில் காத்திருந்துவிட்டு வெறும் வாயோடு திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் ப்ரூஃப் படிக்கிறவர் சிவப்பு மையில் ஒரு திருத்தமாவது போட்டுத்தான் தாளைத் திருப்பித் தர வேண்டும். சுத்தமாக வந்த தாள் படிக்காத தாள். தப்பே இல்லாவிட்டாலும் ஒரு கமாவையாவது தூக்கி இந்தப் பக்கம் வைக்க வேண்டும். அதுதான் படித்ததற்குச் சாட்சி, அதுதான் மரியாதை.

புலரியின் நுழைவுத் திரை ரொம்ப எளிமையானது. கம்ப்யூட்டரைத் தட்டினால் முதலில் கறுப்பு, பிறகு நீலம், பிறகு ஒரு மஞ்சள் சுவர், சுவரில் ஒரு பச்சைக் கதவு, கதவின் மேல் சாய்வாக விழுந்த வேப்பமர நிழல், அதற்குக் கீழே பேரும் பாஸ்வேர்டும் அடிக்கிற பெட்டி. தமயந்தி வரைந்தது அவ்வளவுதான். வைகாசி மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, முகூர்த்தமில்லாத நாள், காலை ஒன்பது மணிக்கு நாற்பத்தோரு அச்சகத்திலும் கம்ப்யூட்டர்களைத் தட்டியபோது, அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"புதுசா ஆள் போட்ருக்காப்ல இருக்கு" என்றார் எங்கள் அச்சக முதலாளி தங்கமாடசாமி அண்ணாச்சி. தமயந்திக்குப் போன் போட்டார்.

"நான் வரையல அண்ணாச்சி."

"பெறகு யாரு வரஞ்சா?"

"யாரும் வரையல."

"சரி. காலு கொஞ்சம் பெட்டிக்குள்ள விழுது பாரு, பாஸ்வேர்டு அடிக்கும்போது மிதிக்கிற மாதிரி இருக்கு. அத மட்டும் கவனி."

அவ்வளவுதான் பேச்சு. ஒன்பதரை மணிக்கெல்லாம் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

பதினோரு மணி டீக்கு வேலுத்தாய் அந்த வழியாக வந்தாள். வேலுத்தாய் தகரம் அடிக்கிறவள். காலண்டரின் தலையில் தகரப்பட்டியை வைத்துக் காலால் மிதித்து அழுத்துகிற மெஷினில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். கரண்டு போய் வந்ததால் ஜன்னலோரக் கம்ப்யூட்டர் அப்போதுதான் மறுபடி எழுந்துகொண்டிருந்தது. கறுப்பு போய், நீலம் போய், மஞ்சள் சுவர் வந்தது. அந்தப் பெண்ணின் பின்னல் நுனியில் ரிப்பன் இல்லை. ப்ரூஃப் கட்டுக்குப் போடுகிற சிவப்பு ரப்பர்பேண்டு சுற்றியிருந்தது. டீ டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வேலுத்தாய், "ஈஸ்வரி" என்றாள். கத்தவில்லை, அழவில்லை, சோறு ஆறிப்போகிறது என்று கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

அங்காளஈஸ்வரி அவளுடைய ஒரே மகள். அதே ஜன்னலோரக் கம்ப்யூட்டரில்தான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தாள். ஊரிலேயே சுத்தமான கை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில் வேலைக்கென்று கிளம்பியவள் வேலைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்தாயிற்று, குறி கேட்டாயிற்று, பிணவறை வாசலில் மூன்று தடவை நின்றாயிற்று. இருக்கிறாள் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. இப்போது நாற்பத்தோரு அச்சகத்திலும் நின்றாள்.

எங்கள் ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. அண்ணாச்சி ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். தினமும் ஒன்பது மணிக்கு, கம்ப்யூட்டர் எழுந்து, யாராவது பாஸ்வேர்டு அடித்து அந்தத் திரை மறைகிற வரைக்கும் வேலுத்தாய் அதில் உட்கார்ந்திருப்பாள். பாஸ்வேர்டு அடிக்கிறவர்கள் தாங்களாகவே இரண்டு மூன்று தடவை தப்பாக அடித்தார்கள். கூட வேலை பார்க்கிற குருவக்காள், "ஒங்க பாஸ்வேர்டே ஒங்களுக்கு மறந்துபோச்சா, பொண்டாட்டி பேராவது ஞாபகம் இருக்கா?" என்று கேலி பேசி இன்னும் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுப்பாள்.

ஈஸ்வரி திரும்பிக்கொண்டிருந்தாள். அதை முதலில் கண்டது அம்மாதான். ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை. வைகாசி முடிகிறபோது பின்னல் மட்டும் தெரிந்தது. ஆனி பாதியில் காது மடல் தெரிந்தது. ஆனிக் கடைசியில் கம்மல், சந்தைப்பேட்டையில் வாங்கின பச்சைக் கல் கம்மல். ஆடிப்பெருக்குக்குள் கன்னத்தின் ஓரம், சந்திரனுக்கு மூன்றாம் பிறையில் தெரியுமே அந்த அளவுக்கு. குருவக்காள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, கார்த்திகைக்குள் முழு முகமும் வந்துவிடும் என்றாள்.

ஆடிப்பெருக்கு முடிந்ததும் தமயந்தி கருத்துக் கேட்கிற தாளை அனுப்பினாள். நுழைவுத் திரையை அப்படியே அச்சடித்து, சுற்றிலும் எழுத இடம் விட்டு, அச்சகத்துக்கு ஒரு தாள். எங்களுக்குப் பெரிதாகக் குறை ஒன்றுமில்லை. ஆனால் சுத்தமாகத் திருப்பித் தர முடியாதே. ஆகையால் ஒருவர் சுவரின் மஞ்சள் போதாது, இன்னும் பத்து ஏற்றுங்கள் என்று எழுதினார். ஒருவர் கறுப்பும் நீலமும் எதற்கு, நேராகக் கதவு வரட்டும், தட்டினால் எழ இத்தனை நேரமா என்று எழுதினார். ஒருவர் சுடிதார் வேண்டாம், நம் காலண்டர்களில் எல்லாரும் சேலைதான் என்று எழுதினார். ஒருவர் பின்னலில் மல்லிகை கேட்டார். சாமி படம் அடித்தே பழகின ஒருவர் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் கேட்டார். எழுதத் தெரியாத ஒருவர் ஏதாவது செய்ய வேண்டுமே என்று வேப்ப நிழலில் நாலு இலையைச் சுழித்தார். எல்லாம் சிவப்பு மையில், எல்லாம் மரியாதைக்காக.

தமயந்தி சத்தியம் செய்தவள். ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினாள். மறுநாள் காலை ஈஸ்வரி சேலையில் நின்றாள், மல்லிகை வைத்திருந்தாள். ஒளிவட்டம் கண்ணைக் கூசச் செய்தது.

"என் பிள்ளைக்குப் பூ வாசம் ஒத்துக்காது, தும்மும்" என்றாள் வேலுத்தாய். கன்னத்தின் ஓரம் அப்படியேதான் இருந்தது, அது போதும் அவளுக்கு.

அடுத்த சுற்றுத் தாள் போனபோது, எங்களுக்கு ராகு காலம் எமகண்டம் எல்லாம் கணித்துக் கொடுக்கிற சொக்கலிங்கம் ஐயாவும் ஒரு தாள் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நிழல் விழுகிற விதத்தைப் பார்த்தால் அந்தப் பெண் தெற்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறாள், தெற்கு ஆகாது, கிழக்கே நிறுத்துங்கள் என்று மணிமணியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்லது செய்கிற மனசோடுதான் செய்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மூன்றாம் பிறை இல்லை. கம்மல் இல்லை. காது இல்லை. பின்னல் மட்டும், வைகாசி பதினொன்றில் நின்றமாதிரியே நின்றாள்.

வேலுத்தாய் ஸ்டூலை விட்டு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், பஸ் ஸ்டாண்டு மாடிக்கு ஏறினாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னாலேயே ஏறினோம்.

"ஏம்மா தமயந்தி, எம்பிள்ளயப் பிடிச்சுத் திருப்பி வச்சிட்டியே."

"நான் தொடவே இல்லக்கா." தமயந்தி நாற்காலியை விட்டு எழுந்தாள். "என்னால அவங்கள வரையவும் முடியல, அழிக்கவும் முடியல. நான் சுவரு, கதவு, கலரு மட்டுந்தான் மாத்துறேன். அவங்களப் பத்தி வந்த திருத்தத்த அப்பிடியே உள்ள எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். காலைல பாத்தா அவங்களே செஞ்சிருக்காங்க. சேலை கட்டுன்னு எழுதுனேன், கட்டியிருந்தாங்க. கிழக்கன்னு எழுதுனேன், திரும்பிட்டாங்க."

வேலுத்தாய், "ஆமா. சொன்ன பேச்சு கேக்கிற பிள்ள" என்றாள்.

"அப்ப நல்லதாப் போச்சே மதினி!" என்றாள் குருவக்காள். "மொகத்தத் திருப்புன்னு எழுதிப் போட்ருவோம். நாளைக்குக் காலைல திரும்பிருவா. எழுது தாயி, எழுது."

"எழுதாத."

"ஏன் மதினி?"

"அன்னைக்கு வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு நின்னா. துப்பட்டாவ ஒழுங்காப் போடுன்னேன். போட்டா. பின்னலு என்ன ரப்பர்பேண்டு, ரிப்பன் இல்லயான்னேன். என்னத் திரும்பிப் பாத்தா, ஒண்ணும் சொல்லல, போயிட்டா. நாலு வருசம். பிறந்ததுலருந்து அவள நான் திருத்திக்கிட்டேதான் இருந்துருக்கேன். இனிமே ஒண்ணு சொல்ல மாட்டேன். நீங்க சொல்லி அவ திரும்புனா, அது திரும்புனதாகுமா? அவளாத் திரும்பட்டும். வெயில்ல நின்னாலும் பரவால்ல, நான் உக்காந்துருக்கேன்."

மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினோம்.

மறுபடி ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை. ஆனால் அதற்குள் ஊர் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டது. காலண்டருக்கு ஆர்டர் கொடுக்க வெளியூர்க்காரர்கள் வருகிற மாதம் அது. வருகிறவர்கள் திரையைப் பார்த்துவிட்டு, யார் அது, ஏன் கதவு பூட்டியிருக்கிறது, உங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை உள்ளே விடமாட்டீர்களா என்று கேட்டார்கள். பதில் தெரியாத கேள்வியைத் தினமும் காலையில் ஒன்பது மணிக்குப் பார்த்துக்கொண்டே வேலையை ஆரம்பிப்பது கஷ்டம். நாலு வருஷத்துக்கு முன் தேடப் போனவர்கள் நாங்கள்தான். மூன்றாம் நாளே சீசன் வேலை இருக்கிறதென்று திரும்பி வந்தவர்களும் நாங்கள்தான். ஆவணிச் சுற்றுத் தாள் திரும்பியபோது இருபத்திரண்டு தாள்களில், வேறு வேறு கையெழுத்தில், ஒரே திருத்தம் இருந்தது: ஆளை எடுத்துவிடலாம். தங்கமாடசாமி அண்ணாச்சியின் தாளும் அதில் ஒன்று. அவர் மட்டும் 'தயவுசெய்து' என்று சேர்த்திருந்தார்.

'போ' என்று எழுதினால் ஈஸ்வரி போய்விடுவாள் என்பது எல்லாருக்கும் தெரியும். தமயந்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டோம். மூன்றாம் நாள் அவளே எங்கள் ஊர்ப் பழக்கத்தில் ஒரு சந்து கண்டுபிடித்தாள். காலமானவர் படம் போட்டு வருஷாப்தத்துக்குக் காலண்டர் அடிக்கும்போது, யார் என்ன சொன்னாலும், கடைசிப் ப்ரூஃப் அந்த வீட்டுக்காரர்களிடம்தான் போகும். அவர்கள் போடுகிற திருத்தம்தான் கடைசி, அதுவரை வந்த மற்றதெல்லாம் தள்ளுபடி. தமயந்தி கடைசித் தாளைக் கையோடு கொண்டுவந்து தகர மெஷினில் வைத்தாள்.

"வேலுத்தாயக்கா, நீங்க ஒண்ணே ஒண்ணு போடுங்க. எதுன்னாலும் சரி. நீங்க போட்டுட்டா அந்த இருபத்திரெண்டும் செல்லாது. போடாம வெறுந்தாளாத் தந்தீங்கன்னா…"

"படிக்காத தாளு."

"ஆமாக்கா."

"இருக்கட்டும்னு எழுதுனா?"

தமயந்தி அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே, "கோடு போட்டு அடிச்சவன்தான், அடிச்சது இருக்கட்டும்னு எழுதலாம் வேலு. அடுத்தவன் அடிச்சதுக்கு நாம எழுத முடியாது. அது ஒனக்கே தெரியும்" என்றார். அடித்த மற்ற இருபத்தோரு பேரும் அவருக்குத் தெரிந்தவர்கள்தான். தன்னுடைய ஒன்றையாவது அவர் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுக்கவில்லை.

வேலுத்தாய் அந்தத் தாளைத் தூக்குச்சட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் வகுப்பு வரை படித்த கையெழுத்தில், ஒளிவட்டத்தையும் மல்லிகையையும் சேலையையும் தொடாமல், பச்சைக் கதவை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: திறந்து விடவும்.

"அவள ஒண்ணும் சொல்லல" என்றாள் எங்களிடம். அன்று அவள் முகம் தெளிவாக இருந்தது. "கதவத்தான் சொன்னேன். எவ்வளவு நேரந்தான் நிப்பா. திறந்து கெடந்தா நெனச்சா உள்ள போகட்டும், இல்ல திரும்பிப் பாக்கட்டும். அவ இஷ்டம்."

நல்ல திருத்தம் என்று எல்லாரும் சொன்னோம். யாருக்கும் மனசு உறுத்தாத திருத்தம். தமயந்தி அன்றைக்கே கதவைத் திறந்தாள்.

மறுநாள், ஆவணி மாதம் இருபத்தெட்டாம் தேதி, வளர்பிறை, எங்கள் காலண்டரிலேயே நல்ல நாள் என்று போட்டிருந்த நாள், ஒன்பது மணிக்கு ஸ்டூலைச் சுற்றி அச்சகமே நின்றது. முதலில் வருகிற கறுப்பையும் நீலத்தையும் யாரோ கேட்டு எடுத்துவிட்டதால், தட்டின உடனே திரை வந்துவிட்டது. மஞ்சள் சுவர். வேப்ப நிழல். திறந்த பச்சைக் கதவு. வாசல்படியில் உதிர்ந்த நாலு மல்லிகை. ஒளிவட்டம் மட்டும் ஆளில்லாமல் காற்றில் நின்றது.

"உள்ள போயிட்டா!" என்று வேலுத்தாய் கையைத் தட்டிச் சிரித்தாள். நாலு வருஷமாக அந்தச் சிரிப்பை நாங்கள் பார்த்ததில்லை. "பாத்தீங்களா, போயிட்டா எம்பிள்ள. யாரும் சொல்லாம அவளாப் போயிட்டா." குருவக்காள் அவளைக் கட்டிக்கொண்டாள். அண்ணாச்சி மிக்சரும் பூந்தியும் வாங்கிவரச் சொல்லி, நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினமாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். தமயந்தி மட்டும் கதவோரமாக நின்றாள், பூந்தியைக் கையில் வாங்கினாள், வாயில் போடவில்லை.

வேலுத்தாய் அதைக் கவனித்தாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கேட்டாள்.

"ஏந்தாயி, அது யார் வீட்டுக் கதவு?"

தமயந்தி கையிலிருந்த பூந்தியைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல. யார் வீடு அது? நல்லவங்கதானே? உள்ள யாரு இருக்கா?"

"யார் வீடும் இல்லக்கா." சொல்லும்போது தமயந்தி பூந்தியைக் கைக்குள் நசுக்கிக்கொண்டிருந்தாள். "சும்மா ஒரு கதவு வரஞ்சேன். அழகா இருக்கட்டும்னு. திறக்கணும்னு நெனச்சே வரையல. உள்ள நான் ஒண்ணுமே வரையலக்கா."

"ஒண்ணுமேன்னா?"

"சுவர்கூட இல்ல. தரைகூட இல்ல."

மூன்று சுற்றில் நூற்றுக்கும் மேல் திருத்தம் போட்டோம். மஞ்சளைப் பற்றிச் சொன்னோம், இலையைப் பற்றிச் சொன்னோம், பெட்டிக்குள் கால் விழுவதைப் பற்றிச் சொன்னோம். அது யார் வீட்டுக் கதவு என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. வட்டமிடும்போது வேலுத்தாயும் கேட்கவில்லை.

அன்றைக்கு வேலுத்தாய் தாளை வாங்கி, தன் வாயால் சொல்லமாட்டேன் என்றதை எல்லாம் சிவப்பில் எழுதினாள். வெளியே வா என்று எழுதினாள். திரும்பு என்று எழுதினாள். ரப்பர்பேண்டே போட்டுக்கோ, துப்பட்டா எப்படியும் கிடக்கட்டும் என்று எழுதினாள். ஓரம், நடு, பின்பக்கம் எல்லாம் நிறைந்த பிறகு தமயந்தி அழுதுகொண்டே ஒவ்வொன்றையும் உள்ளே ஏற்றினாள், ஒன்றுவிடாமல், சத்தியம் செய்தபடியே. மறுநாள் திறந்த கதவு அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைதான். கேட்கிற தூரத்தில் அவள் இல்லை.

வேலுத்தாய் இப்போதும் தகரம் அடிக்கிறாள். ஸ்டூல் ஜன்னலோரமே கிடக்கிறது, அவள் உட்காருவதில்லை, நாங்களும் எடுப்பதில்லை. ஐப்பசியில் தமயந்தி அடுத்த சுற்றுத் தாளை அனுப்பினாள். அனுப்பத்தான் வேண்டும், அது அவள் வேலை. திறந்த கதவையும் அதற்குள் இருக்கிற இருட்டையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, நாற்பத்தோரு அச்சகத்திலும் சிவப்புப் பேனாவைத் திறந்து நாங்கள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் படத்தை அதற்குமுன் நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை. கதவின் கீல் தெரிந்தது, வாசல்படித் தேய்மானம் தெரிந்தது, வாடின நாலு மல்லிகையும் தெரிந்தன. ஒரு கமாவைத் தூக்கி வைக்கக்கூட எங்களில் யாருக்கும் கை வரவில்லை. பேனாவை மூடிவிட்டுத் தாளை அப்படியே மடித்துக் கொடுத்தோம்.

நாற்பத்தோரு தாளும் வெள்ளையாகப் போய்ச் சேர்ந்தன. தமயந்தி அவற்றை அடுக்கி, சிவப்பு ரப்பர்பேண்டு போட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி கட்டின்மேல் எழுதினாள்: யாரும் பார்க்கவில்லை.